பைத்தான் பட்டியல் ஜாவாஸ்கிரிப்டுக்குப் போகும் வழி

பைத்தான் மொழியில் [81, [7, 9]] என்று எழுதினால், ஒரு பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல் அடங்கியிருப்பதுபோலத் தெரியும். நினைவகத்தில் அப்படி எதுவும் இல்லை. வெளிப்பட்டியலில் இருப்பவை இரண்டு முகவரிகள்தான்: 81 கிடக்கும் இடம் ஒன்று, உள்பட்டியல் கிடக்கும் இடம் மற்றொன்று. உள்பட்டியலைத் திறந்தால் அங்கும் முகவரிகளே. 81 என்ற சின்ன எண்ணுக்கே 64 பிட் கணினியில் வழக்கமான பைத்தான் 28 பைட் எடுத்துக்கொள்கிறது. இது எந்த வகை மதிப்பு, இதை எத்தனை இடங்களிலிருந்து சுட்டுகிறார்கள் என்ற கணக்கெல்லாம் அதில் சேர்த்தி. சி மொழி 4 பைட்டில் வேலையை முடித்துவிடும்.

இதை அப்படியே நகலெடுத்து ஒரு ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு அனுப்பினால், பாளையங்கோட்டைக் கதவிலக்கத்தோடு மதுரையில் வீடு தேடும் கதையாகிவிடும். ஆகவே அனுப்பும் பக்கம் ஒவ்வொரு முகவரியாகப் பின்தொடர்ந்து, மதிப்புகளை எடுத்து, ஒரே நீள வரிசையாக எழுதுகிறது. இதுதான் வரிசையாக்கம்.

இன்று பரவலாகப் புழங்கும் வரிசையாக்க முறை ஜேசான் (JSON). டக்ளஸ் கிராக்ஃபோர்ட் 2000களின் தொடக்கத்தில் வரையறுத்துக் கொடுத்தது. அதில் அடுக்கைக் காட்டுவது அடைப்புக்குறி. பெறும் நிரல் இடமிருந்து வலமாகப் படிக்கிறது. திறக்கும் குறி வந்தால் புதிய பட்டியலைத் தொடங்கி, அதுவரை கட்டிக்கொண்டிருந்ததை ஓரமாக அடுக்கி வைக்கிறது; மூடும் குறி வந்தால், கட்டி முடித்ததைக் கடைசியாக அடுக்கி வைத்ததற்குள் போடுகிறது. பல்லாயிரம் திறக்கும் குறிகளை மட்டும் அனுப்பிச் சேவையகத்தைத் திணறடிக்கும் விஷமிகளும் உண்டு. அதனால்தான் பிஎச்பி மொழி வேறு எதுவும் சொல்லாவிட்டால் 512 அடுக்கோடு நிறுத்திக்கொள்கிறது.

சிக்கல் தொடங்குவது வேறிடத்தில். ஜேசானுக்குத் தெரிந்த வகைகள் மிகக் குறைவு: பெயர்-மதிப்புத் தொகுப்பு, பட்டியல், எழுத்துச் சரம், எண், மெய், பொய், வெறுமை. தேதிக்கு இடமில்லை. பெயர்-மதிப்புத் தொகுப்பைப் பைத்தானில் அகராதி என்பார்கள், அதில் பெயரின் இடத்தில் இருப்பது சாவி. அங்கே 1 என்ற எண்ணைச் சாவியாக வைத்து அனுப்பினால், அது மேற்கோள் குறிக்குள் "1" என்ற எழுத்தாகப் போகும். அதைத் திரும்பப் பைத்தானிலேயே படித்தாலும் எண் சாவி கிடைக்காது. பிழைச்செய்தியும் வராது, தேடும்போது மதிப்பைக் காணோம் என்பதில்தான் விஷயம் தெரியவரும்.

எண்களின் கதை இன்னும் மோசம். ஜேசான் உரையில் 9007199254740993 என்று எழுதலாம். பைத்தான் அதைப் பிசகாமல் படிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் எண்களை வழக்கமாக 64 பிட் மிதவைப் புள்ளியாக (பின்ன எண்களுக்கும் இடம் தரும் வடிவம்) வைத்துக்கொள்வதால், 2-இன் 53-ஆம் அடுக்கைத் தாண்டிய முழு எண்கள் எல்லாவற்றையும் அதனால் தனித்தனியே பிரித்துக்காட்ட முடியாது. அங்கே அது ...992 ஆகிவிடும். 2010-இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை 64 பிட் அளவுக்கு மாற்றியபோது இந்த வம்பு நேரடியாக வந்தது. அதே எண்ணை எழுத்துச் சரமாகவும் சேர்த்து அனுப்பிச் சமாளித்தார்கள். அழகான தீர்வு என்று சொல்லமாட்டேன். ஆனால் வேலை செய்தது.

இதைவிட நுட்பமான இழப்பு ஒன்று உண்டு. ஒரே உள்பட்டியலை இரண்டு இடங்களிலிருந்து சுட்டினால், பைத்தானில் ஓரிடத்தில் செய்த மாற்றம் மற்ற இடத்திலும் தெரியும். ஜேசானில் அது இரண்டு முறை எழுதப்பட்டு, மறுபக்கம் இரண்டு தனிப் பட்டியல்களாகப் பிறக்கும். பட்டியல் தன்னையே சுட்டினாலோ எழுதி முடிக்கவே முடியாது. இரு மொழிகளும் பிழை காட்டி நின்றுவிடும்.

கூகுள் 2008-இல் வெளியிட்ட புரோட்டோகால் பஃபர்ஸ் என்ற வரிசையாக்க முறை, அடைப்புக்குறிக்குப் பதில் நீளத்தை நம்புகிறது. வடிவத்தை இரு பக்கமும் முன்கூட்டியே ஒப்புக்கொள்வதால், புலத்தின், அதாவது ஒரு மதிப்புக்கென ஒதுக்கிய இடத்தின், பெயர் பயணம் செய்வதில்லை, இலக்கம் போதும். முதல் புலத்தில் 300 என்ற மதிப்பு 8, 172, 2 என்று மூன்றே பைட்டுகளாகிறது. இப்படி எழுதிய தொகுப்பைச் செய்தி என்கிறார்கள். அந்தச் செய்தியை வேறொரு செய்தியின் மூன்றாம் புலத்துக்குள் வைத்தால் 26, 3, 8, 172, 2. இதில் 26 என்பது புல இலக்கத்தையும் வகையையும் சேர்த்துச் சொல்கிறது. அடுத்த 3, உள்ளே எத்தனை பைட் என்பது. நீளம் முன்னால் வருவதால், உள்ளே இருப்பதன் அளவைக் கணக்கிடாமல் வெளியே இருப்பதை எழுத முடியாது. படிப்பவருக்கோ வசதி: வேண்டாத பகுதியை ஒரே தாவலில் கடந்துவிடலாம்.

மாற்றி எழுதும் வேலையே வேண்டாம் என்பது 2016-இல் தொடங்கிய அப்பாச்சி ஆரோ திட்டத்தின் வழி. [[1, 2], [], [3, 4, 5]] என்பதை அது இரண்டு வரிசைகளாக வைக்கிறது. மதிப்புகள்: 1, 2, 3, 4, 5. எல்லைகள்: 0, 2, 2, 5. முதல் பட்டியல் 0-இலிருந்து 2 வரை. இரண்டாவது 2-இலிருந்து 2 வரை, அதாவது காலி. மூன்றாவது 2-இலிருந்து 5 வரை. முகவரிகளே இல்லை, தொடக்கத்திலிருந்து எண்ணிய தூரம்தான். ஆகவே அந்த நினைவகப் பகுதியை பைத்தான், ஆர், சி++, ரஸ்ட் எதுவும் நகலெடுக்காமல் படிக்கலாம். இன்னோர் அடுக்கு உள்ளே போனால் இன்னோர் எல்லை வரிசை சேரும். நடுவில் ஓர் எண்ணைச் செருகுவதுதான் பெரும்பாடு: பின்னால் உள்ள மதிப்புகள், எல்லைகள் அத்தனையையும் மாற்ற வேண்டும். அதனால் ஆரோ வரிசைகளை எழுதியபின் மாற்றாமல், புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்கிறார்கள்.