டான்சில் ஆபரேஷன்: ஒரு வாரம் கழித்து இரத்தம் வருவது ஏன்?

டான்சிலை எடுத்த இடத்தைப் பொதுவாகத் தையல் போட்டு மூடுவதில்லை. தொண்டையின் இருபுறமும் தசை தெரியத் திறந்த புண்ணாகவே விட்டுவிடுவார்கள்; அது தானாக ஆற வேண்டும். முகத்துக்கும் நாக்குக்கும் அண்ணத்துக்கும் செல்லும் தமனிகளின் கிளைகள் வந்து சேரும் இடம் அது. அதனால்தான் இங்கே கசிவு தொடங்கினால் எளிதில் அடங்குவதில்லை.

முதல் 24 மணி நேரத்தில் வரும் கசிவுக்குக் காரணம், கட்டிய அல்லது சுட்டு அடைத்த இரத்தக்குழாய் மறுபடி திறந்துகொள்வது. அப்போது குழந்தை பெரும்பாலும் மருத்துவர்களின் கண்காணிப்பில் இருக்கும். எனக்குக் கவலை தருவது இரண்டாவது வகைதான். அது பெரும்பாலும் 5 முதல் 10 நாட்களுக்குள், வீட்டில் வருகிறது.

ஆபரேஷனுக்கு அடுத்த நாளே புண்ணின் மேல் வெள்ளையாக ஒரு படலம் படியத் தொடங்கும். வாய் நாறும். சீழ் பிடித்துவிட்டதென்று பலர் பதறுகிறார்கள். உண்மையில் அது ஃபைப்ரின் என்னும் புரதத்தாலான காப்பு. அதைச் சுரண்டவே கூடாது. ஒரு வாரம் போல ஆனதும் படலம் தானே உரியும். அடியில் புதிதாக முளைத்த குழாய்களின் சுவர் இன்னும் மெல்லியது. படலம் உரியும்போது அதில் ஒன்று திறந்துகொண்டால் இரத்தம் வரும். இங்கிலாந்திலும் வட அயர்லாந்திலும் 2003-04இல் 33 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த கணக்கெடுப்பில், சுமார் 3.5 சதவீதம் பேருக்கு இரத்தக்கசிவு ஏற்பட்டது. மின்சூட்டால் அறுத்தவர்களுக்கு அது கூடுதலாக இருந்தது.

சிறு குழந்தைகள் இரத்தத்தைத் துப்பாமல் விழுங்கிவிடுவார்கள். தலையணையில் ஒரு சொட்டுகூட இருக்காது. தூக்கத்தில் அடிக்கடி எச்சில் விழுங்குவது, நாடி படபடப்பது, முகம் வெளிறுவது, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி எடுப்பது ஆகியவையே அறிகுறிகள். 15 கிலோ குழந்தையின் உடலில் மொத்த இரத்தமே ஒரு லிட்டரைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான்.

கொஞ்சம் வந்து தானே நின்றுவிட்டாலும் காத்திருக்காதீர்கள். பெருங்கசிவுக்கு முன் இப்படி வருவதுண்டு. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, தலையை முன்னால் சாய்த்து, இரத்தத்தைத் துப்பச் சொல்லுங்கள். மறுபடி மயக்க மருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால் சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தராமல், உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.