புறா வலை கட்டுமுன் டார்ச் அடித்துப் பாருங்கள்

சென்னையில் ஆந்தைக்கு எலிப் பஞ்சம் இல்லை, முட்டையிட இடம்தான் பஞ்சம். ஒரு மரத்தில் பெரிய பொந்து விழப் பல பத்தாண்டுகள் ஆகும். அப்படி முதிர்ந்த மரங்கள் 2016 டிசம்பரில் வர்தா புயலில் ஏராளமாகச் சாய்ந்தன. மிஞ்சிய பொந்துகளுக்கு மைனாவும் கிளியும் போட்டி. அதனால் புள்ளி ஆந்தை சுவர் ஓட்டைக்கும், கூகை (வெண்முக ஆந்தை) அடுக்குமாடிகளின் டக்ட் (குழாய்கள் இறங்கும் சந்து), லிஃப்ட் ரூம் இடுக்குகளுக்கும் குடிவருகின்றன.

கூகை கூடு கட்டாது. தான் கக்கிய எலிமுடி, எலும்புக் கட்டிகள் மிதிபட்டுத் தூளானதன் மேல் முட்டையிடும். குப்பை என்று அதை வாரிவிட்டால் முட்டை வெறும் சிமெண்டில் உருளும். பொதுவாக 4 முதல் 7 முட்டை. முதல் முட்டையிலிருந்தே அடைகாப்பதால் குஞ்சுகள் இரண்டு மூன்று நாள் இடைவெளியில் பொரியும். இரை குறைந்தால் கடைக்குட்டி முதலில் சாகும். அதைப் பார்த்துவிட்டுத் தாய் ஓடிவிட்டது என்று மற்றவற்றையும் அகற்றுவது தவறு. அடைகாக்க ஒரு மாதம், குஞ்சு பறக்க ஏறக்குறைய இரண்டு மாதம். பெயின்ட் வேலையை அந்த ஒரு டக்ட்டில் மட்டும் அதுவரை தள்ளிவைக்கலாம். புள்ளி ஆந்தைக்கு அடைகாப்பது முதல் பறப்பது வரை மொத்தம் இரண்டு மாதமே போதும்.

பெரிய சேதம் புறா வலையால்தான். பகலில் மூலையில் அசையாமல் கிடக்கும் குஞ்சுகள் வலை கட்டுபவர் கண்ணில் படுவதில்லை. இரவில் இரையோடு வரும் தாய் வெளியே, குஞ்சுகள் உள்ளே. சுவரில் வழிந்த வெள்ளை எச்சம், கீழே கருப்புக் கட்டிகள், இருட்டியதும் 'ஷ்ஷ்' என்ற சீற்றம் இருந்தால் கூடு உண்டு. (பாம்பு என்று பலர் பயப்படுவது இதைக் கேட்டுத்தான்.)

அடுத்தது எலி கேக் என்ற விஷக்கட்டி. அதிலுள்ள ப்ரோமடையலோன் விஷத்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும், ஆந்தைக்குச் சுலபமாக அகப்படும், விஷம் குஞ்சுவரை போகும். எலிக் கூண்டு வையுங்கள். பசை அட்டையில் ஆந்தையே ஒட்டிக்கொள்ளும்.

குஞ்சு விழுந்துகிடந்தால் துண்டால் மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் வையுங்கள். பால், பிரெட், தண்ணீர் எதுவும் ஊட்டாதீர்கள். காயம் இல்லையென்றால் இருட்டுமுன் அதே இடுக்கில் விடலாம். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் பேச்சு. இறக்கை தொங்கினாலோ ரத்தம் வந்தாலோ வனத்துறைக்குச் சொல்லுங்கள். முட்டையையோ கூட்டையோ கலைப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

இடுக்கை மூடியே ஆகவேண்டுமென்றால் கடைசிக் குஞ்சும் பறந்தபின் மூடுங்கள். மொட்டை மாடியில் மழையும் மேற்கு வெயிலும் படாத பக்கம் ஒரு மரப்பெட்டி மாட்டலாம். நுழைவாயிலின் கீழ்விளிம்பு பெட்டியின் உள் அடிப்பலகையிலிருந்து 45 செ.மீ. உயரத்திலாவது இருக்கட்டும். குறைந்தால் இறக்கை முளைக்காத குஞ்சு எட்டிப் பார்த்து விழுந்துவிடும்.