கேஃபேப்: தமிழில் வேடக்காப்பு

தொலைக்காட்சியில் வருகிற டபிள்யூ.டபிள்யூ.இ. மாதிரியான மல்யுத்தம் பேசுகிறவர்கள் நடுவில் அடிக்கடி அடிபடுகிற சொல் கேஃபேப். இதற்குத் தமிழில் என்ன என்று யாராவது கேட்டால் உடனே வருகிற பதில் "பொய்ச்சண்டை", இல்லையென்றால் "எல்லாம் நாடகம்". இரண்டுமே எனக்கு உறுத்துகிறது. பொய் என்ற பேச்சை எடுத்தாலே அந்தக் காலத்து மல்லர்களுக்கு ரத்தம் கொதிக்கும். 1984 டிசம்பரில் நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கின் உள்பகுதியில், ஜான் ஸ்டோசல் என்ற தொலைக்காட்சி நிருபர் டேவிட் ஷுல்ட்ஸ் என்ற மல்லரிடம் "இது பொய் என்று நினைக்கிறேன்" என்றார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே காதோடு சேர்த்து இரண்டு அறை விழுந்தது. அந்த அறையின் பெயர்தான் கேஃபேப் என்று சொன்னால் பொருள் ஓரளவு பிடிபடும்.

அதாவது, ரிங்குக்குள் நடப்பது முன்பே பேசி வைத்தது. யார் ஜெயிப்பது, யார் யாருக்குப் பகை, எந்த மாதம் யார் துரோகம் செய்வது எல்லாம் முடிவானது. இதுவரைதான் நாடகம். அந்த நாடகத்தை ரிங்குக்கு வெளியிலும், ஓட்டலிலும், விமான நிலையத்திலும், ஆஸ்பத்திரியிலும்கூடக் கலையாமல் காப்பாற்றுகிற கட்டுப்பாட்டுக்குத்தான் கேஃபேப் என்று பெயர். பொய்யைக் குறிக்கிற சொல்லாக இதை எடுத்துக்கொண்டால் பாதிதான் புரியும், காவலைக் குறிக்கிற சொல்லாக எடுத்துக்கொண்டால்தான் முழுசாகப் புரியும்.

பேச்சில் பெயரடையாகவும் வரும். கேன் யார்? அண்டர்டேக்கர் என்ற மல்லரின் கேஃபேப் தம்பி. சின்ன வயதில் தீயில் கருகி, முகமூடி மாட்டிக்கொண்டு, 1997 அக்டோபரில் அண்ணனைப் பழிவாங்க வந்தவர். நிஜத்தில் இருவருக்கும் எந்த உறவும் கிடையாது. எங்கள் தெருவில் அவர்கள் அண்ணன் தம்பி என்பதை நம்பாத பையனே இல்லை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பதையும் சேர்த்து நம்பினோம், டிரம்ப் கார்டில் அவர் வந்தால் கையே நடுங்கும். அன்று எங்களுக்குக் கிடைத்த அந்த நடுக்கம் பொய்யில்லை என்பதை இன்றும் அடித்துச் சொல்வேன்.

சரி, சொல் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஊர் ஊராகக் கூடாரம் போட்ட கார்னிவல் கூட்டங்களில் மல்லர்களும் இருந்தார்கள். "எங்கள் ஆளை எதிர்த்து இவ்வளவு நிமிடம் தாக்குப்பிடித்தால் பணம்" என்று உள்ளூர்க்காரர்களை உசுப்பிவிடுவார்கள். கூட்டத்துக்குள்ளேயே தங்கள் ஆள் ஒருவரை நிறுத்தி வைத்திருப்பதும் உண்டு. இந்தக் கூடாரக்காரர்களுக்கு வெளியாள் காதில் விழுந்தாலும் புரியாத ஒரு பேச்சு இருந்தது. சொல்லுக்கு நடுவில் வேறொரு ஒலியைச் செருகிச் செருகிப் பேசுவார்கள். நாம் பள்ளிக்கூடத்தில் பேசிய 'க' பாஷையை நினைத்துக்கொள்ளுங்கள். "வாடா" என்பதற்கு "கவாகடா" என்போமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். கேஃபேப் இந்தக் கூடாரப் பேச்சில் பிறந்தது என்பதே பரவலாகச் சொல்லப்படுகிற கணிப்பு. 'போலி' அல்லது 'போலியாக இரு' என்று பொருள்தரும் ஆங்கிலச் சொற்களைக் குலைத்து அடுக்கியதில் இந்த ஒலி வந்திருக்கலாம் என்கிறார்கள். எழுத்தில் ஆதாரம் கிடையாது, கிடைப்பதும் கஷ்டம்தான், ஏனென்றால் எழுதி வைத்தால் ரகசியம் போய்விடும்.

நம் இலக்கணத்தில் இதற்குச் சரியான அறை ஒன்று இருக்கிறது: குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பதும், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பதும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். ஒரு குழுவுக்குள் மட்டும் புழங்கி, வெளியார் முன்னால் விஷயத்தை மறைக்கிற சொல். கேஃபேப் பிசிறில்லாத குழூஉக்குறி. இன்னும் சொல்லப்போனால், மறைப்பதையே பொருளாகக் கொண்ட குழூஉக்குறி. உடைமாற்றும் அறையில் பகையாளிகள் இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருக்கும்போது வெளியாள் உள்ளே நுழைந்தால், முதலில் பார்த்தவர் "கேஃபேப்!" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான், பேச்சு நிற்கும், முகங்கள் மாறும்.

இந்தக் காவல் எவ்வளவு தூரம் போனது என்பதற்கு நான் எப்போதும் சொல்வது 1975 அக்டோபர் 4ஆம் தேதி நடந்த விமான விபத்தைத்தான். வட கரோலினாவின் வில்மிங்டன் பக்கத்தில் எரிபொருள் தீர்ந்து ஒரு சிறிய செஸ்னா விமானம் விழுந்தது. உள்ளே இருந்தவர்களில் ஜானி வாலன்டைனும் ரிக் ஃபிளேரும் வில்லன்கள். டிம் வுட்ஸ் நல்லவர், வாலன்டைனின் ஜென்ம எதிரி. எதிரிகள் ஒரே விமானத்தில் வந்தார்கள் என்பது வெளியே தெரிந்தால் அந்தப் பகுதி முழுக்க டிக்கெட் விற்பனையே படுத்துவிடும். அடிபட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது வுட்ஸ் என்ன செய்தார் தெரியுமா? தன் பிறப்புப் பெயரைக் கொடுத்து, தான் மல்லரே இல்லை, போட்டி நடத்துகிறவர் என்று சொன்னார். உண்மைப் பெயரைச் சொல்லி வேடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்! அதோடு நிற்கவில்லை, சந்தேகம் கிளம்பிவிடக் கூடாதென்று சுமார் இரண்டே வாரத்தில், உடம்பு ஆறாமலேயே ரிங்கில் ஏறினார். ஃபிளேருக்கு முதுகெலும்பு மூன்று இடத்தில் முறிந்திருந்தது, வாலன்டைன் அதன்பிறகு ஒருநாளும் மல்லுக்கு நிற்கவில்லை, விமானி பிழைக்கவே இல்லை. இவ்வளவு ரத்தத்துக்கு நடுவில் கிடந்துகொண்டு ஒரு மனிதர் கதையைக் காப்பாற்றினார் என்பதை "பொய்ச்சண்டை" என்ற சொல்லுக்குள் எப்படி அடைப்பது?

அப்புறம் அந்தக் கட்டுப்பாடு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. 1987இல் ஜிம் டக்கனும் அயர்ன் ஷீக்கும், தொலைக்காட்சியில் தேசப்பகைபோல் மோதிக்கொண்டிருந்த இருவர், நியூ ஜெர்ஸியில் ஒரே காரில் போகும்போது போலீஸில் மாட்டினார்கள். 1989இல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இன்றைய டபிள்யூ.டபிள்யூ.இ.) நிறுவனமே நியூ ஜெர்ஸி மாநிலத்திடம், இது பொழுதுபோக்குதான், மெய்யான விளையாட்டுப் போட்டி இல்லை என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் பிடியிலிருந்து விலகினால் காசு மிச்சம். 1996 மே 19 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கெவின் நாஷ், ஸ்காட் ஹால், ஷான் மைக்கேல்ஸ், ட்ரிப்பிள் எச் நால்வரும், நல்லவர் இருவர் வில்லன் இருவர், ஆட்டம் முடிந்ததும் ரிங் நடுவில் கட்டிப்பிடித்துப் பிரியாவிடை சொன்னார்கள். நாஷும் ஹாலும் அடுத்த நிறுவனத்துக்குக் கிளம்பிவிட்டார்கள், மைக்கேல்ஸ் சாம்பியன், தண்டனை முழுக்க மிச்சமிருந்த ட்ரிப்பிள் எச் தலையில் விழுந்தது.

இங்கே பே-பர்-வியூ பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்து வருவது புரியாது. அந்தக் காலத்தில் அமெரிக்காவில் வாராவாரம் வந்த நிகழ்ச்சிக்குத் தனிக் காசு கிடையாது. அதில் பகையை மூட்டுவார்கள், வாரக்கணக்கில் ஊதிப் பெருக்குவார்கள், தீர்ப்பை மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவுக்கு ஒத்தி வைப்பார்கள். அந்த ஒரு இரவைப் பார்க்க வீட்டுக்காரர் கேபிள்காரருக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டியிருந்தது. நமக்கு இங்கே அது விளையாட்டு சேனலோடு சேர்ந்தே வந்துவிட்டதால் இந்தச் சூடு தெரியாமல் போயிற்று. அங்கே விற்பனைக்கு வைத்த சரக்கே அந்தப் பகைதான். இதற்கு 'தனிக்கட்டண நேரலை' என்று நான் எழுதுகிறேன். 'பகை' என்று வெறுமனே எழுதினால் நிஜ விரோதத்தோடு குழம்பும் என்பதால், புனைபெயர், புனைகதை வரிசையில் 'புனைபகை'.

இப்போது மாண்ட்ரியல். 1997 நவம்பர் 9, சர்வைவர் சீரிஸ் என்ற தனிக்கட்டண நேரலை, கனடா மண்ணில். சாம்பியன் பிரெட் ஹார்ட், கனடாவின் செல்லப்பிள்ளை. எதிரில் ஷான் மைக்கேல்ஸ். இவர்களுக்குள் இருந்தது புனைபகையா நிஜப்பகையா என்று பிரிக்கவே முடியாது, அதே வருடம் உடைமாற்றும் அறையில் நிஜமாகவே கட்டிப் புரண்டிருக்கிறார்கள். ஹார்ட் போட்டி நிறுவனமான டபிள்யூ.சி.டபிள்யூ.வுக்குப் போவது முடிவாகிவிட்டது, பட்டத்தோடு போய்விடுவாரோ என்று முதலாளி வின்ஸ் மெக்மேனுக்குப் பயம். சொந்த நாட்டில் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்றார் ஹார்ட், ஒப்பந்தப்படி அவருக்கு அந்த உரிமையும் இருந்தது. கடைசியில் ஆட்டம் கலவரத்தில் முடியும், யாருக்கும் பட்டம் மாறாது, பிறகு அவரே முறையாக ஒப்படைப்பார் என்று பேசி முடித்தார்கள்.

ஆட்டம் தொடங்கி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பக்கம். மைக்கேல்ஸ் ஷார்ப்ஷூட்டர் பிடியைப் போடுகிறார். எதிராளியைக் குப்புறத் தள்ளி, கால்களைப் பின்னி, முதுகு வளைய மேலே உட்காருகிற பிடி, ஹார்ட்டின் சொந்தப் பிடி. அதைத் திருப்பிப் போடுவதுதான் பேசி வைத்திருந்தது. ஹார்ட் கையைப் பின்னால் நீட்டி மைக்கேல்ஸின் காலைப் பிடிக்கப் போகிறார். அவர் தரையைத் தட்டவில்லை, தோல்வியை ஒப்புக்கொள்ளவும் இல்லை. நடுவர் எர்ல் ஹெப்னர் மணியடிக்கச் சைகை காட்டிவிட்டு ஓடுகிறார். ரிங்கோரம் வந்து நின்ற மெக்மேன் மணியை அடி என்று கத்துகிறார். மணி அடிக்கிறது, மைக்கேல்ஸின் பாட்டு ஒலிக்கிறது. ஹார்ட் எழுந்து பார்க்கிறார். அந்த முகத்தைப் பாருங்கள், இத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஹார்ட் மெக்மேனின் முகத்தில் துப்புகிறார், காற்றில் விரலால் டபிள்யூ, சி, டபிள்யூ என்று எழுதிக் காட்டுகிறார், ரிங்கோரத் திரைகளை உடைக்கிறார். உள்ளே போன பிறகு முதலாளியை நிஜமாகவே குத்தினார். மைக்கேல்ஸ் அன்றிரவு தனக்கு ஒன்றும் தெரியாது என்று சாதித்தவர். எல்லாம் தெரிந்துதான் செய்தேன் என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்.

இந்த இடத்தில் சொல்லின் பொருளே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. வெளியாள் கண்ணை மறைக்கக் கட்டிய திரையை, உள்ளே இருந்த ஆளின் கண் முன்னாலேயே கட்டிவிட்டார்கள். அன்று கேஃபேப்புக்கு வெளியே நின்றவர் ஹார்ட். அதற்கு மேலும் ஒன்று நடந்தது. அதுவரை திரையில் பெரும்பாலும் வர்ணனையாளராக வந்த மெக்மேன், ஜனங்கள் காட்டிய நிஜ வெறுப்பை அப்படியே எடுத்துக்கொண்டு கொடுங்கோல் முதலாளி வேடம் கட்டினார். ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டினோடு அவருக்கு மூண்ட புனைபகைதான் அடுத்த சில வருடங்கள் அந்த நிறுவனத்துக்குச் சோறு போட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். 'நடிப்பு', 'பாசாங்கு' இரண்டும் ஆளைக் குறிக்கின்றன, கட்டுப்பாட்டைக் குறிக்கவில்லை. பாசாங்கில் குற்றச்சாட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'நாடகம்' என்பதை "நாடகமாடாதே" என்று கெடுத்து வெகுநாளாயிற்று. நான் வைக்கிற சொல் 'வேடக்காப்பு'. தெருக்கூத்தில் வேடம் கட்டுவது, வேடம் கலைப்பது என்ற வழக்கு உயிரோடு இருக்கிறது, அதனால் முதல் பாதி தானாகவே பொருந்துகிறது. காப்பு என்றால் காவல், அது அகராதிப் பொருள். ஆனால் ஊர்த் திருவிழாவில் காப்பு கட்டுவதை நினைத்துப் பாருங்கள்: மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறிவிட்டால் விரதம் தொடங்கிவிடும், திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. வுட்ஸ் ஆஸ்பத்திரியில் நடந்துகொண்டதும் இந்த மாதிரி ஒரு விரதம்தான். நல்லவன் வில்லன் என்பதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். வில்லன் என்பதற்கு ஆங்கிலத்தில் 'ஹீல்', அதாவது குதிகால், என்கிறார்கள், அதை அப்படியே மொழிபெயர்த்தால் யாருக்கும் புரியாது. நல்லவன் வில்லனாவதற்கு 'கட்சி மாறுவது' என்றால் எல்லோருக்கும் புரியும்.

வேடக்காப்பில் எனக்கு மிகவும் பிடித்த வசதி ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் கேஃபேப் உடைந்தது என்று ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். நம்மிடம் இரண்டு வினை இருக்கிறது. ஒரே காரில் இருவர் பிடிபட்டபோதும், மாண்ட்ரியலில் மணி அடித்தபோதும் வேடக்காப்பு கலைந்தது. 2010 ஜனவரி 4 அன்று ஹார்ட் 12 வருடம் கழித்து மெக்மேனின் நிறுவனத்து ரிங்குக்குத் திரும்பி வந்து, மைக்கேல்ஸைக் கூப்பிட்டு நிறுத்தி, நேருக்கு நேர் பேசிக் கை கொடுத்தார்; திரும்பிப் போகப் போன ஹார்ட்டை மைக்கேல்ஸ் நிறுத்தினார், கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது, அடிக்கப் போகிறார் என்றே நானும் நினைத்தேன். கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அது நிஜம்தான் என்று பின்னால் இருவருமே சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கு நடந்ததற்கு, அவர்கள் காப்பு அவிழ்த்தார்கள் என்று எழுதலாம்.