கப்ளிங்குக்கும் எக்ஸ் முத்திரை: அட்டெக்ஸ் விதி யாரிடம் என்ன கேட்கிறது

மோட்டாரில் எக்ஸ் (Ex) பிளேட், அதாவது வெடிப்பு அபாய இடத்துக்கு ஏற்றது என்று சொல்லும் தகடு இருக்கிறது, பம்பிலும் இருக்கிறது. சரி, இரண்டின் ஷாஃப்டையும் இணைத்துக்கொண்டு நடுவில் மஞ்சள் கார்டுக்குள் (பாதுகாப்பு மூடிக்குள்) சுற்றிக்கொண்டே இருக்கிறதே கப்ளிங், அதற்கு? இந்தக் கேள்வியைக் கேட்டால் பலரும் ஒரு நொடி யோசிப்பார்கள், அப்புறம் 'அது வெறும் இரும்பும் ரப்பரும் தானே, கரன்டா ஓடுது?' என்பார்கள். கரன்ட் ஓடவேண்டியதில்லை. உரசல் போதும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளில் இதற்குத் தெளிவான இடம் உண்டு. வெடிப்புப் பாதுகாப்பு என்றால் மின்சாதனங்கள் மட்டும்தான் என்ற பழைய எண்ணத்தை 94/9 என்ற உத்தரவு மாற்றியது. கியர்பாக்ஸ், விசிறி, பம்பு, கப்ளிங் போன்ற மின்சாரம் இல்லாத இயந்திரங்களையும், வாயுவோடு சேர்த்துத் தூசியையும் அது உள்ளே கொண்டுவந்தது. 2003 ஜூலை 1 முதல் அது கட்டாயம். இப்போது அதன் இடத்தில் 2014/34 உத்தரவு இருக்கிறது, 2016 ஏப்ரல் 20 முதல். இதைத்தான் எல்லோரும் அட்டெக்ஸ் என்கிறார்கள்.

ஆனால் அட்டெக்ஸ் என்பது இரண்டு உத்தரவுகள், இதைப் பிரித்துப் பார்க்காததால்தான் பாதிக் குழப்பம். 2014/34 உற்பத்தியாளருக்கானது: பொருளை எப்படி வடிவமைத்து, சோதித்து, முத்திரை குத்தி விற்கவேண்டும் என்று சொல்கிறது. 1999/92 ஆலை நடத்துபவருக்கானது: வெடிக்கும் கலவை எவ்வளவு வரும் என்பதை வைத்து இடத்தை ஸோன்களாகப் பிரி, ஒவ்வொரு ஸோனுக்கும் பொருத்தமான கருவியை வை, வெடிப்புப் பாதுகாப்பு ஆவணம் எழுதி வை, ஆட்களுக்குப் பயிற்சி கொடு, அபாயமான வேலைக்கு எழுத்தில் பர்மிட் கொடு, முதல்முறை ஓட்டுவதற்கு முன் தகுதியுள்ள ஒருவரை வைத்துச் சரிபார். கப்ளிங் பெட்டியில் இருக்கும்வரை முதல் உத்தரவின் பொறுப்பு. அதை ஷாஃப்டில் ஏற்றிய நிமிடத்திலிருந்து இரண்டாவது உத்தரவு உங்கள் கழுத்தில். பிளேட் சொல்லும் பாதுகாப்பு, கையேட்டில் உள்ளபடி பொருத்தி, கையேட்டில் உள்ளபடி பார்த்துக்கொண்டால் மட்டுமே செல்லும். அலைன்மென்ட், அதாவது இரண்டு ஷாஃப்டும் ஒரே கோட்டில் நிற்பது, தப்பினால் பிளேட் அப்படியேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், பாதுகாப்பு போயிருக்கும்.

முத்திரையைப் படிப்பது கஷ்டமில்லை. அறுகோணத்துக்குள் எக்ஸ் குறி, பக்கத்தில் ரோமன் இரண்டு, 2ஜி (2G), எக்ஸ் ஹெச் (Ex h), ஐஐசி (IIC), டி4 (T4), ஜிபி (Gb) என்று வரிசையாக இருக்கும். ரோமன் இரண்டு என்றால் சுரங்கம் அல்லாத இடம், சுரங்கத்துக்கு ரோமன் ஒன்று. 2 என்பது வகை: வகை 1 ஸோன் 0 வரை, வகை 2 ஸோன் 1 வரை, வகை 3 ஸோன் 2-க்கு மட்டும். ஜி (G) வாயு, அந்த இடத்தில் டி (D) என்றால் தூசி. தூசிக்கு ஸோன்கள் 20, 21, 22. ஸோன் 0-இல் வெடிக்கும் கலவை எப்போதுமோ, நெடுநேரமோ, அடிக்கடியோ இருக்கும், 1-இல் வழக்கமான ஓட்டத்திலேயே அவ்வப்போது வரும், 2-இல் வராது, வந்தாலும் சிறிது நேரம். ஹெச் என்ற சிறிய எழுத்து இது மின்சாரம் இல்லாத கருவி என்கிறது. பழைய பிளேட்டில் அந்த இடத்தில் சி, பி, கே என்று இருக்கும், பயப்படவேண்டாம், அது பழைய தரநிலையின் எழுத்து. ஐஐசி ஹைட்ரஜன், அசிட்டிலீன் கூட்டம், இருப்பதிலேயே கோபக்காரக் கூட்டம். ஐஐபி எத்திலீன், ஐஐஏ புரொப்பேன். டி4-ஐப் பின்னால் பார்ப்போம், ஜிபி என்பது பாதுகாப்பு நிலை. கடைசியில் எக்ஸ் (X) என்ற ஒற்றை எழுத்து தனியாக நின்றால் அதை அலட்சியமாகத் தாண்டாதீர்கள், 'சிறப்பு நிபந்தனைகள் உண்டு, கையேட்டைப் பார்' என்று அர்த்தம்.

அடிக்கடி வரும் ஒரு சந்தேகம்: சிஇ குறிக்குப் பக்கத்தில் நாலு இலக்க எண் இல்லையே, போலியா? இல்லை. மின்சாரம் இல்லாத வகை 2 கருவிக்கு உற்பத்தியாளர் தானே மதிப்பீடு செய்து, தொழில்நுட்பக் கோப்பை அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்தால் போதும். அந்த அமைப்பு உற்பத்தியைக் கண்காணிப்பதில்லை, அதனால் எண் வராது. வகை 3-க்கு ஒப்படைக்கவும் வேண்டாம். வகை 1-க்குத்தான் முழு வகைமாதிரிச் சோதனை. எண்ணைத் தேடாதீர்கள், இணக்க அறிவிப்பையும் கையேட்டையும் தேடுங்கள். அவை இல்லாமல் கப்ளிங் மட்டும் வந்தால் ஸ்டோரிலிருந்து வெளியே எடுக்கவே வேண்டாம்.

இப்போது இன்னொரு டி (T) எழுத்து, அதாவது வெப்பநிலை வகுப்பு. டி1 450 டிகிரி, டி2 300, டி3 200, டி4 135, டி5 100, டி6 85. மேற்பரப்பு அதற்கு மேல் சூடாகாது என்ற வாக்குறுதி. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது: ஒரே கப்ளிங்குக்கு 'டி6 முதல் டி4 வரை' என்று போட்டிருப்பார்கள். எது பொருந்தும் என்பதைச் சுற்றுப்புற வெப்பம் முடிவு செய்யும், அந்தச் சுற்றுப்புறம் கார்டுக்கு வெளியே உள்ள காற்று இல்லை, கார்டுக்குள் கப்ளிங்கை ஒட்டி இருக்கும் காற்று. சூடான எண்ணெய் பம்பின் ஷாஃப்ட் வழியாக ஹப்புக்கு (ஷாஃப்டில் ஏறி நிற்கும் கப்ளிங்கின் பாதிக்கு) வெப்பம் கடந்து வந்துகொண்டே இருக்கும். வெளியே தெர்மாமீட்டர் 30 காட்டும், உள்ளே கதை வேறு.

தூசிக்குக் கணக்கு வேறு மாதிரி. மேகமாகப் பறக்கும் தூசி எந்த வெப்பத்தில் பற்றுமோ அதில் மூன்றில் இரண்டு பங்கு ஒரு எல்லை. 5 மில்லிமீட்டர் படிந்த தூசி எந்த வெப்பத்தில் கனல ஆரம்பிக்குமோ அதிலிருந்து 75 டிகிரி குறைத்தால் இன்னொரு எல்லை. இரண்டில் குறைவானதை எடுக்கவேண்டும். மேகம் 450-இல் பற்றும், படிவு 290-இல் கனலும் என்று வையுங்கள்: 300-ம் 215-ம் வரும், எல்லை 215. நல்ல கப்ளிங் அந்தப் பக்கமே போகாது. ஆனால் கார்டுக்குள் தூசி தடிமனாகப் படிந்தால் அதுவே கம்பளியாகிக் கப்ளிங்கின் சூட்டை வெளியே விடாது.

சரி, கப்ளிங்கில் தீ எங்கிருந்து வரும்? நாலு வழி. சூடான பரப்பு, உலோக உரசல் தீப்பொறி, நிலைமின்சாரம், வழிதவறி ஓடும் மின்சாரம். இதில் நகக் கப்ளிங்கை எடுத்துக்கொள்ளுங்கள், இரண்டு ஹப், நடுவில் நட்சத்திரம் மாதிரி ரப்பர் அல்லது பாலியூரித்தேன் ஸ்பைடர். ஸ்பைடர் முழுசாகத் தேய்ந்தாலும் வண்டி நிற்காது! இரும்பு நகம் இரும்பு நகத்தைத் தட்டித் தள்ளிக்கொண்டு ஓடும். சாதாரண ஆலையில் இது வசதி, விநியோகம் நிற்காது. வெடிப்பு அபாயப் பகுதியில் இதுவே வில்லன், ஏனென்றால் நின்றுபோனால் யாராவது வந்து பார்ப்பார்கள், ஓடிக்கொண்டே தீப்பொறி தட்டினால் யார் பார்ப்பது? 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஹப் 1450 சுற்றில் ஓடினால் அதன் விளிம்பு நொடிக்கு 11 மீட்டருக்கு மேல் போகிறது. வளைந்துபோன கார்டில் அது உரசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஹைட்ரஜன் பற்ற சுமார் 0.02 மில்லிஜூல் போதும், விரலில் சுருக்கென்று அடிக்கும் நிலைமின்சாரம் அதைவிடப் பல மடங்கு.

அலுமினிய ஹப் லேசாக இருக்கிறதே என்று ஆசைப்படுவோர் கவனிக்க: துருப்பிடித்த இரும்பில் அலுமினியம் மோதினால் கிளம்பும் பொறி சாதாரணப் பொறி இல்லை, இரும்புத் துருவும் அலுமினியமும் சேர்ந்து தாமே எரியும். வகை 2 வாயுக் கருவியின் வெளிப்பாகங்களில் மக்னீசியம், டைட்டானியம், சிர்கோனியம் மூன்றும் சேர்ந்து 7.5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற வரம்பும் இதனால்தான். பெயின்ட்டிலும் ஒரு பிடி உண்டு. மின்கடத்தாத பூச்சு ஐஐசி இடத்தில் 0.2 மில்லிமீட்டர் வரைதான், ஐஐஏ, ஐஐபி இடங்களில் 2 மில்லிமீட்டர். ஷட்டவுனுக்கு ஷட்டவுன் 'அழகாக இருக்கட்டும்' என்று ஒரு கோட் ஏற்றும் பழக்கம் உள்ளவர்கள் இதைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். கையேட்டைத் திறப்பதற்கு முன் பர்மிட், அதற்கு முன் மின்தடுப்பும் பூட்டும், வாயு அளவீடும். ஹப்பைச் சூடாக்கித்தான் ஏற்றவேண்டும் என்றால் அதை ஸோனுக்கு வெளியே எண்ணெய்த் தொட்டியிலோ இன்டக்‌ஷன் ஹீட்டரிலோ செய்யுங்கள், ஸ்பைடரைக் கழற்றி வைத்துவிட்டு. ஏற்றியது ஆறுவதற்குள் ஸ்பைடரை மாட்டினால் முதல் நாளே அது வெந்த ஸ்பைடர். சுத்தியல் வேண்டாம். துளை போடாமல் வரும் ஹப்பை உள்ளூரில் கடைந்துகொள்ளும் வழக்கம் இருக்கிறது. உற்பத்தியாளர் அனுமதித்த அளவுக்குள், அவர் சொன்ன முறையில் கடைந்தால் சரி, இல்லையென்றால் முத்திரைக்கு அர்த்தமில்லை. செட் ஸ்க்ரூவுக்கும் போல்ட்டுக்கும் டார்க் ரெஞ்ச், அதோடு தளராமல் பிடிக்கும் ஒட்டு. ஒரு ஸ்க்ரூ தளர்ந்தால் ஹப் ஷாஃப்டில் மெல்ல நகர்ந்து எதிர் ஹப்பையோ கார்டையோ தொடும், அவ்வளவுதான் கதை.

அலைன்மென்ட்தான் இந்த வேலையின் உயிர். கேட்லாக்கில் கோண விலகல் இவ்வளவு, இணை விலகல் இவ்வளவு, அச்சு நகர்வு இவ்வளவு என்று மூன்று எண் இருக்கும். மூன்றையும் ஒரே நேரத்தில் முழுசாகப் பயன்படுத்தலாம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கூடாது. கோணத்தில் 40 சதவீதம் செலவாகிவிட்டால் மற்ற இரண்டுக்கும் சேர்த்து மீதம் 60 சதவீதம்தான். சுற்று வேகம் கூடினால் அந்த எண்ணே குறையும். அப்புறம் வெப்ப விரிவு: எஃகு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 0.012 மில்லிமீட்டர் நீளும். பேஸிலிருந்து ஷாஃப்ட் மையம் 450 மில்லிமீட்டர் உயரம், ஓடும்போது பம்பின் உடம்பு 50 டிகிரி ஏறுகிறது என்றால் மையம் 0.27 மில்லிமீட்டர் மேலே போகும். குளிர்ந்த நிலையில் டயல் கேஜ் முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டுப் பெருமைப்பட்டுக்கொண்டு போனால், ஓடத் தொடங்கி அரை மணியில் அந்தப் பூஜ்யம் போய்விடும். மோட்டாருக்குக் கீழே ஷிம் (உயரம் சரிசெய்யும் மெல்லிய தகடு) போடும்போதே இந்த ஏற்றத்தைக் கணக்கில் எடுக்கவேண்டும். குழாய் போல்ட்டுகளை இறுக்கிய பின் மறுபடி ஒருமுறை அளவெடுங்கள், குழாய் பம்பை இழுத்திருக்கும். நாலு காலில் ஒன்று தரையில் படாமல் நின்றாலும் இதே தொல்லை.

லேசர் அலைன்மென்ட் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது மின்சாதனம். ஸ்ட்ரோபோஸ்கோப், வெப்பக் கேமரா, பாக்கெட்டில் இருக்கும் போன், எல்லாமே. எக்ஸ் முத்திரை இல்லாத கருவியை ஸோனுக்குள் எடுத்துப்போகவேண்டும் என்றால் வாயு இல்லை என்று உறுதிசெய்த பர்மிட் வேண்டும். பழைய டயல் கேஜ் இந்த இடத்தில் ராஜா.

ஸ்பேனருக்கும் விதி உண்டு, ஈஎன் 1127 தரநிலையில் விவரமாகவே இருக்கிறது. ஒற்றைப் பொறி வரக்கூடிய ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் ஒரு ரகம். பொறி மழை பொழியும் கிரைண்டர், அறுப்பு ரம்பம் இன்னொரு ரகம். ஸோன் 0, 20-இல் பொறி வரும் எதுவும் கூடாது. ஸோன் 1, 2-இல் முதல் ரகம் சரி, இரண்டாம் ரகம் வெடிக்கும் கலவை இல்லை என்று உறுதியானால் மட்டும். ஆனால் ஸோன் 1-இல் ஹைட்ரஜன் மாதிரி ஐஐசி வாயு, ஹைட்ரஜன் சல்ஃபைடு, எத்திலீன் ஆக்ஸைடு, கார்பன் மோனாக்ஸைடு இருக்க வாய்ப்புள்ள இடத்தில், அந்த நேரத்தில் ஆபத்தான கலவை இல்லை என்று உறுதி செய்யாமல் சாதாரண எஃகு ஸ்பேனரைக் கூடத் தொடக்கூடாது.

பராமரிப்பில் கையேடு சொல்லும் கால இடைவெளிதான் சட்டம். சில உற்பத்தியாளர்கள் ஐஐசி இடத்தில் முதல் சோதனையை 2000 மணி நேரத்தில் அல்லது 3 மாதத்தில், எது முந்துகிறதோ அப்போது செய்யச் சொல்வார்கள். மற்ற இடத்துக்குக் கொஞ்சம் தாராளம். முதல் சோதனை ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டால், அலைன்மென்ட் தவறு முதல் சில மாதங்களிலேயே ஸ்பைடரில் எழுதிவிடும். தேய்மானம் அதிகமாகத் தெரிந்தால் ஸ்பைடரை மாற்றிவிட்டு மூடிவிடுவது பாதி வேலைதான்; காரணத்தையும் தேடவேண்டும்.

எப்படிப் பார்ப்பது? கார்டைக் கழற்றியதும் கப்ளிங்கைப் பார்க்காதீர்கள், கீழே பேஸ் பிளேட்டைப் பாருங்கள். மிளகுத்தூள் தூவியது மாதிரி கறுப்பாகவோ, ஸ்பைடரின் நிறத்திலோ பொடி கிடந்தால் அது ரப்பர் தேய்ந்து விழுந்தது, மேலே நிலைமை என்னவென்று ஸ்பைடரைக் கழற்றாமலே தெரிந்துவிடும். பிறகு ஒரு ஹப்பைப் பிடித்துக்கொண்டு மற்றதை முன்னும் பின்னும் அசைத்து, எவ்வளவு சும்மா ஆடுகிறது என்று அளவெடுங்கள். அந்த இடைவெளி கையேட்டின் வரம்பைத் தொட்டால் மாற்றவேண்டியதுதான், 'இன்னும் ஒரு மாசம் தாங்கும்' என்ற பேச்சே வேண்டாம். எனக்கு ஒருமுறை கையில் வந்த ஸ்பைடரில் ஆறு பல்லில் மூன்று மட்டும் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது, மற்ற மூன்றும் புதுசு போல. சுமை ஒரே திசையில், அதனால் ஒரு பக்கப் பற்கள்தான் வேலை செய்கின்றன, அது இயல்பு. ஆனால் பளபளப்பு என்பது உள்ளே வெந்திருக்கிறது என்பதன் அடையாளம். அளவெடுத்தால் தேய்மானம் வரம்புக்குள்தான் இருந்தது. ஆனாலும் மாற்றினோம், அலைன்மென்டைப் பார்த்தால் பம்பு பக்கம் குழாய்த் தாங்கி இறங்கியிருந்தது.

ஸ்பைடரின் நிறம் கடினத்தன்மையைக் குறிக்கும், ஆனால் ஒவ்வொரு உற்பத்தியாளருக்கும் நிறக்கணக்கு வேறு. ஒருவரின் மஞ்சளும் இன்னொருவரின் மஞ்சளும் ஒன்றில்லை. வேறு பொருளில் செய்த ஸ்பைடரை அளவு பொருந்துகிறது என்பதற்காக மாட்டினால் முத்திரையின் வெப்ப வகுப்பு முதல் எல்லாமே கேள்விக்குறி. உதிரிபாகம் முத்திரையோடு வந்த அதே பொருள், அதே எண்.

தட்டு அடுக்கு வைத்த உலோகக் கப்ளிங்கில் ரப்பர் இல்லை, அதனால் தட்டின் விளிம்பில் மயிரிழை வெடிப்பையும் போல்ட் தளர்வையும் பார்க்கவேண்டும். கியர் கப்ளிங்கில் கிரீஸ்தான் எல்லாம், காய்ந்தால் பல்லோடு பல் சூடாகும். கார்டைத் திரும்ப மாட்டுமுன் உள்ளே ஒட்டிய தூசியைச் சுத்தம் செய்து, எல்லாப் பக்கமும் இடைவெளி இருக்கிறதா என்று கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள், எர்த் கம்பி திரும்ப இணைந்திருக்கிறதா என்றும். பேஸ், மோட்டார், பம்பு, கார்டு எல்லாம் ஒரே எர்த்தில் இருக்கவேண்டும், ஏனென்றால் நடுவில் உள்ள ஸ்பைடர் மின்சாரத்தைக் கடத்தாது.

செய்ததை எழுதி வைக்கும்போது தேதி, ஓடிய மணி நேரம், ஆட்ட இடைவெளி, குளிர்ந்த நிலை அலைன்மென்ட் எண்கள், மாற்றிய பாகத்தின் எண், இவை இருந்தால் போதும். அடுத்த முறை கார்டைத் திறப்பவர் முதலில் கேட்பது போன முறை ஆட்டம் எவ்வளவு என்றுதான்.