இம்யூனோசப்ரசன்ட்: எதிர்ப்பு சக்தி மாத்திரை இல்லை, ஒடுக்கி

மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்கள் தினமும் விழுங்கும் மாத்திரைகளுக்கு மருத்துவத்தில் இம்யூனோசப்ரசன்ட் என்று பெயர். ராயபுரம், தண்டையார்பேட்டை வீடுகளில் 'கிட்னி மாத்திரை' என்றால் போதும், புரிந்துவிடும். அதில் கெடுதல் இல்லை. 'எதிர்ப்பு சக்தி மாத்திரை' என்று சொல்வதுதான் ஆபத்து. அது மருந்தின் வேலையைத் தலைகீழாக்குகிறது. சக்தி கூடுகிறது என்று நம்புகிறவர் தோலில் ஆறாத புண் வந்தால் ஏன் பதறப்போகிறார்?

சொல்லின் இரண்டு பாதியும் லத்தீன். 'இம்யூனிஸ்' என்றால் வரி, ஊழியம் போன்ற கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர். அந்த விலக்கு பிற்பாடு நோயிலிருந்து கிடைக்கும் காப்பைக் குறித்தது. 'சப்ரிமெரே' என்றால் கீழே அழுத்துதல். தமிழில் நோயெதிர்ப்பு ஒடுக்கி, தடுப்பாற்றல் ஒடுக்கி இரண்டும் உண்டு. முதலாவதே எனக்குச் சரியாகப் படுகிறது, கேட்டவுடன் விளங்கும். ஒடுக்குவது வேறு, அழிப்பது வேறு. கலகத்தை ஒடுக்கினார்கள் என்கிறோமே, அந்த ஒடுக்கு.

ஏன் ஒடுக்க வேண்டும்? அடுத்தவர் சிறுநீரகத்தை உடல் அந்நியமாகக் கண்டு தாக்கும். 1954இல் பாஸ்டனில் ஜோசப் மர்ரே செய்த அறுவைச் சிகிச்சை ஒத்த இரட்டையருக்குள் நடந்ததால் அந்தச் சிக்கல் வரவில்லை. மற்றவர்களுக்கு அசாதயோபிரின், சைக்ளோஸ்போரின், டேக்ரோலிமஸ் என்று மருந்துகள் வந்தன. ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரால் கெட்டுப்போன தோல் செல்களைக் கண்டுபிடித்து அகற்றுவதும் அதே எதிர்ப்பாற்றல்தான். அதை வருடக்கணக்கில் ஒடுக்கி வைத்தால் கெட்ட செல்கள் தப்பிப் பெருகலாம். போதாக்குறைக்கு அசாதயோபிரின், தோலை வெயிலால் எளிதில் பாதிக்கப்படவும் செய்கிறது.

அப்படி வரும் தோல் புற்றுநோய்களில் முதன்மையானது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா. 'ஸ்குவாமா' என்றால் செதில். காசிமேட்டில் மீன் ஆய்பவர்கள் சுரண்டித் தள்ளுவார்களே, அதே சொல். செதிள் செல் புற்றுநோய் என்று தமிழில் எழுதுகிறோம். வெள்ளைத் தோல்காரர்களில், மாற்றுச் சிறுநீரகம் பெற்றவர்களுக்கு இது மற்றவர்களைவிடப் பல பத்து மடங்கு அதிகம். நம் தோலின் மெலனின் நல்ல காப்பு, ஆபத்து மிகக் குறைவு. ஆனாலும் கருத்த தோலில் இது வெயில் படாத இடங்களிலும், பிறப்புறுப்பிலும்கூட வரும். கூச்சப்பட்டு மறைத்துவிட வேண்டாம்.

ஆறாத புண், சொரசொரப்பாகத் தடித்து வளரும் திட்டு, மருப்போல எழும்பி ரத்தம் கசிவது எதுவானாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். பயந்துபோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள், சிறுநீரகமே போய்விடும். தேவைப்பட்டால் டாக்டரே அளவைக் குறைப்பார், அல்லது சிரோலிமஸுக்கு மாற்றுவார். அதுவும் நோயெதிர்ப்பு ஒடுக்கிதான், ஆனால் இந்த வகைப் புற்று திரும்ப வருவதைக் குறைக்கிறது.