கான்செப்ட் ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

"ஆல்பம்" என்ற சொல்லுக்குத் தமிழில் இன்று மூன்று வேலை. படங்களை ஒட்டி வைக்கும் புத்தகமும் ஆல்பம், ஒரு திரைப்படத்தின் பாட்டுகள் மொத்தமும் ஆல்பம். எந்தப் படத்திலும் சேராமல் தனியே வெளியாகும் ஒற்றைப் பாட்டுக்கும் "ஆல்பம் சாங்" என்றே பெயர். இந்தக் கடைசி வழக்கு ஆங்கிலப் பொருளைத் தலைகீழாக்கிவிடுகிறது. அங்கே பல பாட்டு சேர்ந்தால்தான் ஆல்பம். ஒற்றைப் பாட்டு சிங்கிள். அந்தப் பாட்டுகள் எல்லாம் ஒரே கதையையோ எண்ணத்தையோ சுற்றி வந்தால் அது கான்செப்ட் ஆல்பம். ஆகவே "படையாள் ஒருவரின் போர் அனுபவம் பற்றிய ராக் கான்செப்ட் ஆல்பம்" என்று எழுதினால், நல்ல கற்பனையோடு எடுத்த ஒரு வீடியோ பாட்டு என்றே பலர் நினைப்பார்கள். சரியான தமிழ்ச் சொல் தேவைப்படுவது இதனால்தான்.

லத்தீனில் "அல்புஸ்" என்றால் வெள்ளை. பண்டைய ரோமில் வெள்ளை பூசிய பலகையில் ஆணைகளையும் அறிவிப்புகளையும் எழுதி மக்கள் பார்வைக்கு வைத்தார்கள். அந்தப் பலகைதான் ஆல்பம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்தும் வாழ்த்தும் வாங்கிச் சேர்த்த ஏட்டுக்கு அந்தப் பெயர் போனது. பிறகு தபால்தலை ஏட்டுக்கும் புகைப்பட ஏட்டுக்கும் வந்தது. நிமிடத்துக்கு 78 முறை சுற்றும் அரக்கு இசைத்தட்டில், 10 அங்குல அளவில், ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் சொச்சம்தான் கொள்ளும். நீண்ட இசையைப் பல தட்டுகளில் பதிந்து, உறைகளைப் புத்தகம்போல் ஒன்றாகக் கட்டி விற்றார்கள். பார்த்தால் புகைப்பட ஏடு மாதிரியே இருக்கும். 1948இல் கொலம்பியா நிறுவனம் நீளிசைத் தட்டைக் கொண்டுவந்தது. ஒரு பக்கத்துக்குச் சுமார் 22 நிமிடம் கிடைத்ததும் அந்தப் புத்தகக் கட்டு தேவையில்லாமல் போயிற்று. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

"கான்செப்ட்" வந்த லத்தீன் வினைக்கு இரண்டு பொருள்: வயிற்றில் கருக்கொள்வது, மனத்தில் கொள்வது. தமிழில் "கரு" என்ற சொல்லும் இந்த இரண்டையும் தாங்குகிறது. கதைக்கரு என்கிறோமே, அதுதான். இந்தப் பாதிக்கு நம்மிடம் சொல் தயாராக இருக்கிறது. ஆனால் "கருப்பொருள் தொகுப்பு" என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். திணை இலக்கணத்தில் கருப்பொருள் என்பது தெய்வம், உணவு, விலங்கு, பறை முதலான சூழல் பொருள்கள். பாட்டு எதைப் பற்றியது என்பதற்கு அங்கே உரிப்பொருள் என்று தனிச்சொல் உண்டு. இன்றைய வழக்கில் இரண்டும் கலந்துவிட்டன என்றாலும், விளக்கம் எழுதுபவர் கலக்கலாகாது.

இரண்டு சொற்களையும் சேர்த்தாலும் பொருள் முழுமையாக வராது. பாட்டுகள் தனித்தனியாக நின்றுகொண்டே, வரிசையாகக் கேட்கும்போது ஒரே படைப்பாகவும் ஆகின்றன என்பதுதான் இந்த வடிவத்தின் உயிர். திரைப்படப் பாடல்களில் கதை படத்தில் இருக்கிறது. பாட்டுகள் அதன் மேல் சாய்ந்து நிற்கின்றன. கான்செப்ட் ஆல்பத்துக்கு அப்படிச் சாய எதுவுமில்லை. கதையையோ எண்ணத்தையோ முழுக்கப் பாட்டுகளே சுமக்க வேண்டும்.

இந்த வேறுபாட்டை அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் என்றோ வகுத்து வைத்திருக்கிறது. செய்யுள் அதில் நான்கு வகை: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியே நின்று பொருள் முடிவது முத்தகம்; அது சிங்கிள். பல பாட்டு சேர்ந்து ஒரே வினைச்சொல்லில் முடிவது குளகம். பல பாட்டைக் கூட்டி வைப்பது தொகைநிலை. எதை வைத்துக் கூட்டலாம் என்பதற்கு உரைகாரர் காட்டும் எடுத்துக்காட்டுகள் நமக்கு நேரடியாகப் பயன்படும்: பொருளால் தொகுத்தது புறநானூறு, இடத்தால் களவழி நாற்பது, காலத்தால் கார் நாற்பது. தொடர்நிலையோ இரண்டு வகை. பொருள் தொடர்ந்து போவது பொருள் தொடர்நிலை. ஒரு பாட்டின் முடிவு அடுத்ததன் தொடக்கமாவது சொல் தொடர்நிலை, அதாவது அந்தாதி.

இப்போது ராக் இசைக்கு வருவோம். சபட்டான் குழு 2019இல் வெளியிட்ட "தி கிரேட் வார்" முழுக்க முதல் உலகப் போர் பற்றியது. ஆனால் ஒவ்வொரு பாட்டும் வேறொரு ஆளை, வேறொரு களத்தைச் சொல்கிறது. வரிசையை மாற்றினாலும் பெரிதாகச் சேதமில்லை. இது பொருளால் தொகுத்த தொகைநிலை. பிரிட்டி திங்ஸ் குழுவின் "எஸ். எஃப். சாரோ", 1968இல் வந்தது, ஒரே மனிதனைப் பிறப்பிலிருந்து முதுமை வரை பின்தொடர்கிறது, நடுவில் அவன் போருக்கும் போகிறான். வரிசையைக் கலைத்தால் கதை செத்துவிடும். இது பொருள் தொடர்நிலை. ஆங்கிலத்தில் இரண்டையும் கான்செப்ட் ஆல்பம் என்றே சொல்கிறார்கள். தமிழில் பிரித்துச் சொல்ல முடியும்போது ஏன் விட வேண்டும்?

மூன்றாவது ஒரு வகை இருக்கிறது. சரியான தமிழ்ச் சொல்லை அதுவே காட்டிக்கொடுத்தது. குயின்ஸ்ரைக் குழுவின் "அமெரிக்கன் சோல்ஜர்" 2009இல் வெளியானது, 12 பாட்டு. பாடகர் ஜெஃப் டேட் இரண்டாம் உலகப் போர் முதல் ஈராக் வரை சென்று வந்த படையினரைப் பேட்டி கண்டு, அந்தப் பேச்சிலிருந்து பாட்டுகளை உருவாக்கினார். பதிவு செய்த குரல்களே சில பாட்டுகளில் கேட்கின்றன. ஓரிடத்தில் அவருடைய மகள் எமிலி, தந்தையைப் பிரிந்த குழந்தையின் குரலாக உடன் பாடுகிறாள். இதில் ஒரு கதைநாயகன் இல்லை, பல போர்கள் இருக்கின்றன. ஆனாலும் வெறும் தொகுப்பு அல்ல. பயிற்சிக்களத்தின் அதட்டல், கொல்லுதல், நண்பன் விழுதல், வீட்டு ஏக்கம், சாவு என்று ஒரு படையாள் எந்தப் போருக்குப் போனாலும் கடக்கும் நிலைகளைப் பல வாய்கள் மாறி மாறிச் சொல்கின்றன.

பெயர் சொல்லப்படாத மாந்தர், நிலைகளின் வரிசை, ஒவ்வொரு பாட்டிலும் யாரோ ஒருவரின் பேச்சு. இது நமக்குப் பழக்கமான வடிவம்: கோவை. களவு எனும் மறைவான காதல் முதல் கற்பு எனும் மணவாழ்க்கை வரை துறை துறையாக, அதாவது காட்சி காட்சியாக, நடக்கும் 400 கட்டளைக் கலித்துறைப் பாட்டு. ஒரு பாட்டை உருவித் தனியாகவும் படிக்கலாம், முழுவதையும் படித்தால் ஒரு வாழ்க்கை ஓடும். "கோ" என்ற வினை மணியையும் பூவையும் கோப்பதைச் சொல்வது. மணி தனி, மாலை ஒன்று. கான்செப்ட் ஆல்பத்துக்கு நான் பரிந்துரைப்பது பாடற்கோவை.

கோவை அகத்துக்கு உரியதாயிற்றே, போருக்குப் பொருந்துமா என்று கேட்கலாம். புறத்துக்கும் தமிழில் நிலை வரிசை உண்டு. புறப்பொருள் வெண்பாமாலை ஆநிரை கவரும் வெட்சியில் தொடங்கி வெற்றியான வாகைக்கு வந்து சேர்கிறது. அந்த வரிசை வேந்தனின் போரைச் சொல்வது. நான் பேசும் இசைப் படைப்புகள் வாகையில் நிற்பதில்லை. தொல்காப்பியம் சொல்லும் காஞ்சியில், நிலையாமையில், போய் முடிகின்றன. "போர்வீரன்" என்பதைவிட "படையாள்" என்ற சொல்லை எடுத்ததற்கும் இதுவே காரணம். வீரன் என்றதும் பாதித் தீர்ப்பு எழுதியாகிவிடுகிறது. அச்சத்தையும் குற்ற உணர்வையும் பாடும் ஒருவருக்கு அந்தத் தீர்ப்பு பொருந்தாது.

கோவை என்ற சொல் பொருந்துவதை இசையின் உள்வேலையிலும் பார்க்கலாம். மணிகளைக் கோக்கும் நூல் பெரும்பாலும் ஒரு சிறு இசைத்துணுக்கு. நான்கைந்து சுரம் போதும். தொடக்கத்தில் அணிவகுப்பு மேளத்தோடு வருவது, கடைசியில் தனிக் கித்தாரில், பாதி வேகத்தில் வரும். மாறாமல் அப்படியே திரும்பினால் கேட்பவருக்கு விளம்பர இசைபோலத் தோன்றும். வேகமோ கருவியோ அடியில் சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டான கோர்டோ, ஒன்றாவது மாற வேண்டும். களவழி நாற்பதில் "களத்து" என்ற சொல் பாட்டுக்குப் பாட்டு கடைசியில் வந்து விழுகிறதே, அந்த வேலைதான் இது. முன்னால் நிற்கும் காட்சி மாறுவதால் அதே சொல் வேறு கனம் பெறுகிறது.

போர்ப் பாடற்கோவையில் பியூகிள் எனும் ராணுவ ஊதுகுழலின் ஊதலை வைக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கருவிக்கு வால்வு இல்லை. உதட்டால் கிடைக்கும் இயற்கைச் சுரங்களில் ராணுவ அழைப்புகளுக்குப் பயன்படுபவை ச, அந்தர காந்தாரம், ப, அவற்றின் மேல்கீழ் நிலைகள் மட்டும். பாட்டு பி ஃபிளாட் மைனரில் இருக்க, மேலே பி ஃபிளாட் பியூகிளை வைத்தால், மைனருக்குரிய தாழ்ந்த காந்தாரத்தோடு பியூகிளின் காந்தாரம் மோதி அபசுரமாகும். பாட்டை ஜி மைனருக்கு மாற்றினால் பியூகிளின் மூன்று சுரமும் அந்த வரிசைக்குள்ளேயே வந்துவிடும். ஊதல் சோகமாகவும் கேட்கும். நடைவேகமும் அப்படியே. விரைவு அணிநடை நிமிடத்துக்குச் சுமார் 120 அடி. பாட்டையும் 120இல் வைத்தால் பூட்ஸ் ஒலி தாளத்தோடு ஒட்டும். பாட்டை 132இல் வைத்துவிட்டுப் பிறகு பூட்ஸ் ஒலியை அதற்கேற்பச் சுருக்கினால் செயற்கை வெளியே தெரியும்.

பேட்டிக் குரலைக் கலப்பதில்தான் அதிகம் கெடுகிறது. பேச்சின் தெளிவு பெரும்பாலும் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் பகுதியில் இருக்கிறது. முறுக்கேற்றிய கித்தாரும் சிம்பலும் உட்கார்ந்திருப்பதும் அங்கேதான். குரலின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனால் இசை சுருங்கும், சொல் அப்போதும் புரியாது. கித்தாரில் அந்தப் பகுதியை 3 டெசிபல் அளவுக்குக் குறைக்கலாம். அதைவிட நல்லது, பேசும் இடத்தில் கித்தாரையே நிறுத்திவிட்டு பேஸும் டிரம்ஸும் மட்டும் போக விடுவது. வானொலித் தொடர்புபோல ஒலிக்க வேண்டிய குரலை 300 முதல் 3400 ஹெர்ட்ஸுக்குள் அடக்குவார்கள். முதியவர் ஒருவர் நினைவிலிருந்து பேசும் குரலுக்கு இதைச் செய்யக்கூடாது. மூச்சும் தயக்கமும் போய்விட்டால் அந்தக் குரலை வைத்ததற்கே பொருளில்லை.

அந்தாதிபோல ஒரு பாட்டு அடுத்ததில் கரையும் இடங்கள் கோப்பாக்கும்போது அறுந்துபோகும். டிஜிட்டல் பதிவில் ஒலியை விநாடிக்குப் பல்லாயிரம் முறை அளந்து எண்ணாக்குகிறார்கள்; ஒவ்வோர் அளவும் ஒரு மாதிரி. சிடியில் பாட்டு எல்லை 588 மாதிரிகளின் மடங்கில் விழ வேண்டும். இல்லாவிட்டால் சந்திப்பில் சிறு "டிக்" ஒலி கேட்கலாம். எழுதும் மென்பொருள் தானாகச் செருகும் இரண்டு விநாடி இடைவெளியை நீக்கவும் மறக்கக்கூடாது. எம்பி3 ஒலியை 1152 மாதிரிகள் கொண்ட துண்டுகளாக அடைக்கிறது. பாட்டின் கடைசித் துண்டு நிறையாவிட்டால் அமைதியால் நிரப்பும். முன்னாலும் கொஞ்சம் அமைதி சேரும். பீரங்கிக் குண்டு வந்து விழும் ஊளை ஒரு பாட்டில், வெடி அடுத்த பாட்டில் என்று அமைத்திருந்தால், அந்த இடைவெளி முழுக் காட்சியையும் கெடுத்துவிடும். ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக் கோப்பு வடிவில் இந்தச் சிக்கல் இல்லை.

மாற்றுச் சொற்களில் "கதைப்பாடல்" ஏற்கெனவே நாட்டார் கதைப்பாட்டுக்கு நிலைத்துவிட்டது. "தொடர்பாடல்" அழகாக இருக்கிறது, ஆனால் ஈழத்தமிழில் அதற்குத் தகவல் தொடர்பு என்று பொருள். "இசைக்கோவை"யைப் பலர் இசையமைப்புக்கும் வாத்திய அமைப்புக்கும் எழுதுகிறார்கள். ராக் ஓபெரா வேறு: அங்கே பெயருள்ள பாத்திரங்களும் அவர்களுக்கான உரையாடலும் வேண்டும், அதை ராக் இசைநாடகம் என்றே சொல்லலாம். கோவை என்றதும் கோயம்புத்தூர் நினைவுக்கு வரும் என்ற தயக்கத்தை "பாடற்" என்ற முன்சொல் தீர்த்துவிடும். ஆகவே "தி கிரேட் வார்" ஒரு போர்ப் பாடல் தொகை. "அமெரிக்கன் சோல்ஜர்" ஒரு படையாள் பாடற்கோவை. அதன் 12 பாட்டில் ஒன்றைத் தனியே வெளியிட்டால் அது தனிப்பாட்டு.