மூன்றே நிமிடம்: லைஃப் ஜாக்கெட் விளக்கம் எப்படி வந்தது?

விமானம் கிளம்புமுன் பணிப்பெண் லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக் காட்டும்போது பாதிப் பேர் செல்போனில் மூழ்கியிருப்பார்கள். கடல் மேல் பறக்கும் விமானங்களில் இந்த விளக்கம் வேண்டும் என்று பரிந்துரைக்கப்பட்டது, 1952-இல் போர்ட்டோ ரிக்கோ கடலில் நடந்த ஒரு விபத்துக்குப் பிறகு.

அந்த ஆண்டு ஏப்ரல் 11, புனித வெள்ளி. பான் ஆம் என்ற அமெரிக்க விமான நிறுவனத்தின் டிசி-4 விமானம் 64 பயணிகள், 5 ஊழியர்களோடு பகல் 12.11-க்கு போர்ட்டோ ரிக்கோவின் தலைநகர் சான் ஹுவானிலிருந்து நியூயார்க்குக்குக் கிளம்பியது. கிளம்பிய கையோடு 3-ஆம் எஞ்சின் போனது. அடுத்து அதே வலது இறக்கையில் 4-ஆம் எஞ்சினும் சக்தி இழந்தது. விமானி திரும்பிவர முயன்றார். உயரம் குறையக் குறைய மூக்கைத் தூக்கி ஏறப் பார்த்தார். ஆனால் மிச்சமிருந்த எஞ்சின்களின் முழு சக்தியையும் பயன்படுத்தவில்லை. சக்தி போதாமல் மூக்கைத் தூக்கினால் வேகம்தான் குறையும். வேகம் குறைந்தால் இறக்கை எடையைத் தாங்காது. மீளமுடியாத தாழ்வுக்கு வந்த விமானம், கிளம்பிய ஒன்பதாம் நிமிடம் கடலில் இறங்கியது. மாற்றியிருக்க வேண்டிய 3-ஆம் எஞ்சினை மாற்றாத பராமரிப்புக் குறையையும் விமானியின் இந்தச் செயலையும் சேர்த்தே காரணமாகச் சொன்னது விபத்தை விசாரித்த அமெரிக்க அரசு அமைப்பான சிவில் ஏரோநாட்டிக்ஸ் போர்டு.

மோதலில் பலர் உயிரோடுதான் இருந்தார்கள். ஆனால் வால்பகுதி பிளந்து, ஏறத்தாழ மூன்றே நிமிடத்தில் விமானம் மூழ்கிவிட்டது. வெளியே பெரிய அலைகள். லைஃப் ஜாக்கெட் எங்கே, வெளியேறும் வழி எது என்று பயணிகளுக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. தண்ணீரில் குதித்தால் மூழ்கிவிடுவோம், சுறா இருக்கும் என்று பயந்து பலர் விமானத்தை விட்டு வர மறுத்தார்கள். பிழைத்தவர்கள் 17 பேர். இதைப் பயணிகளின் அசட்டுத்தனம் என்று தள்ளிவிட முடியாது. கண்முன் தெரியும் கூரையை விட்டுக் கடலில் குதிக்கச் சொன்னால், முன்பே கேட்டுவைத்த வழிமுறை இல்லாத எவரும் தயங்குவார்.

இதே நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகுரூசர் ரக விமானம் ஒன்று 1956 அக்டோபர் 16-இல் பசிபிக் கடலில் இறங்கியது. விமானி ரிச்சர்ட் ஆக், கடலோரக் காவல் படையின் பாண்ட்சார்ட்ரெய்ன் கப்பலைச் சுற்றியபடி விடியும்வரை பறந்து எரிபொருளைக் குறைத்தார். வால்பகுதி முறியலாம் என்று கணித்து, பின்வரிசைக்காரர்களை முன்னே உட்காரவைத்தார். அவர் நினைத்தபடியே வால் முறிந்தது. 31 பேரும் பிழைத்தார்கள். சான் ஹுவானில் இல்லாத நேரம் இவருக்குக் கிடைத்தது என்பது உண்மை. கிடைத்ததை ஒரு நொடி வீணாக்கவில்லை என்பதும் உண்மை.

சரி, இன்றைய பயணி என்ன செய்ய வேண்டும்? ஜாக்கெட் பெரும்பாலும் சீட்டுக்கு அடியில் இருக்கும். உட்கார்ந்ததும் குனிந்து கையால் தொட்டுப் பார்த்துவிடுங்கள். உறையைக் கிழித்து, தலைவழியே மாட்டி, பட்டையை இடுப்பில் சுற்றி இறுக்குங்கள். இறுக்காவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் முகத்துக்கு மேல் ஏறிவரும். காற்றடைக்கும் சிவப்புப் பிடியை வாசலைத் தாண்டும்போதுதான் இழுக்க வேண்டும். உள்ளேயே ஊதிவிட்டால், கேபினில் தண்ணீர் ஏறும்போது ஜாக்கெட் உங்களைக் கூரையோடு ஒட்டவைத்துவிடும். வாசல் தண்ணீருக்கு அடியில் போயிருந்தால் மூழ்கி நீந்தி வெளியேற முடியாது. 1996-இல் கொமொரோஸ் தீவுகள் அருகே கடத்தப்பட்டு, எரிபொருள் தீர்ந்து கடலில் விழுந்த எத்தியோப்பியன் ஏர்லைன்ஸின் போயிங் 767 விமானத்தில் பலர் இப்படித்தான் இறந்தார்கள். பிடியை இழுத்தும் காற்று ஏறாவிட்டால், தோளருகே உள்ள குழாயில் வாயால் ஊதலாம்.

இன்னொன்று: உங்கள் சீட்டிலிருந்து முன்வாசலுக்கு எத்தனை வரிசை, பின்வாசலுக்கு எத்தனை என்று எண்ணிவையுங்கள். இருட்டிலும் புகையிலும் சீட்டு முதுகைத் தொட்டு எண்ணிக்கொண்டே போகலாம். தண்ணீரில் இறங்கும்போது பின்வாசல்கள் நீர்மட்டத்துக்குக் கீழே போய்விடக்கூடும், திறந்தால் வெள்ளம் புகும். ஆகவே பணியாளர் கைகாட்டும் வாசலுக்கே போங்கள். பையை எடுக்க நிற்காதீர்கள். கைக்குழந்தையோடு வருபவர்கள் ஏறியதுமே குழந்தைக்கான ஜாக்கெட்டைப் பற்றிப் பணியாளரிடம் கேளுங்கள். அது பெரியவர்களுடையதிலிருந்து வேறுபட்டது, எப்போது காற்றடைக்க வேண்டும் என்பதையும் அவர்களே சொல்வார்கள்.